எக்ஸ்எம்எல் கோப்புகளைத் தளத்தில் காட்ட எந்த ஸ்டைல்ஷீட் மொழி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இயந்திரக் கையேடுகள் சில நூறு எக்ஸ்எம்எல் கோப்புகளாக (எழுத்தை நாமே பேர் வைத்த குறிகளுக்குள், அதாவது டேக்குகளுக்குள், வைக்கும் வடிவம்) இருக்கின்றன. அவற்றை இணையத்தளத்தில் காட்ட வேண்டும், பிடிஎஃப் ஆகவும் தர வேண்டும். இப்போது கோப்பு அப்படியே பிரவுசருக்குப் போகிறது, அங்கே ஒரு பழைய எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் அதைப் பக்கமாக மாற்றுகிறது. இதைப் புதுப்பிக்கலாம் என்று பார்த்தால், குழுவில் ஒருவர் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) மட்டும் போதும் என்கிறார். இன்னொருவர் எக்ஸ்க்வெரி (எக்ஸ்எம்எல்லில் தேடிக் கேட்கும் மொழி) என்கிறார். மூன்றாமவர், இதெல்லாம் பழைய சங்கதி, பைத்தானிலேயே எழுதிவிடலாம் என்கிறார். எதை எடுப்பது?

என் பதில்: எக்ஸ்எஸ்எல்டியையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பிரவுசரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் மாற்றி முடித்த ஹெச்டிஎம்எல்லை (இணையப் பக்கங்களின் மொழி) மட்டும் வெளியே அனுப்புங்கள். தோற்றம் முழுவதையும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும். எந்த மொழி என்று நீங்கள் கேட்கிறீர்கள். மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. அதை முடிவு செய்துவிட்டால் மொழி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் சிஎஸ்எஸ் போதும் என்பவரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எக்ஸ்எம்எல் கோப்பின் தலையில் ஸ்டைல்ஷீட் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லா பிரவுசரும் அதை எடுத்துக்கொள்ளும். இந்த வழக்கத்துக்கு 1999லேயே, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலை வந்துவிட்டது. டேக் பெயர்கள் தமிழில் இருந்தாலும் சிஎஸ்எஸ்ஸுக்குக் கவலையில்லை, அப்படியே செலக்டராக (விதி எந்த டேக்குக்கு என்று சுட்டும் பெயராக) எழுதலாம். உங்கள் கோப்பு ஏறக்குறைய இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

<கையேடு>
  <பணி எண்="ப12" தேதி="2024-03-05">
    <தலைப்பு>வடிகட்டியை மாற்றுதல்</தலைப்பு>
    <பத்தி>மோட்டார் <எச்சரிக்கை>சுழலும்போது</எச்சரிக்கை> மூடியைத் திறக்க வேண்டாம். முதலில் <காண்க பணி="ப3"/> முடித்திருக்க வேண்டும்.</பத்தி>
  </பணி>
</கையேடு>

ஸ்டைல்ஷீட் காலியாக இருந்தால் பிரவுசர் இதை ஒரே ஓட்டமாகக் காட்டும். 'பத்தி' என்றால் பத்தி என்று அதற்குத் தெரியாதல்லவா? எந்த டேக்கைப் பார்த்தாலும் வரிக்குள் ஓடும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். 'பணி', 'தலைப்பு', 'பத்தி' மூன்றையும் பிளாக் (புது வரியில் தொடங்கும் தனிப் பகுதி) என்று அறிவித்து, தலைப்புக்குப் பெரிய எழுத்தும் எச்சரிக்கைக்குச் சிவப்பும் கொடுத்தால் பார்க்க நன்றாகவே வந்துவிடும். பத்து நிமிட வேலை. இந்தக் கட்டத்தில்தான் பலர் சிஎஸ்எஸ்ஸே போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் தேதி வேண்டும் என்பீர்கள். அது ஆட்ரிபியூட்டில், அதாவது டேக்குக்குள் தேதி="..." என்று எழுதிய மதிப்பில், இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸால் ஆட்ரிபியூட்டின் மதிப்பை எடுத்துத் தலைப்புக்கு முன்னால் ஒட்ட முடியும். ஆனால் 2024-03-05 என்றே ஒட்டும், '5 மார்ச் 2024' என்று எழுதித் தராது. பக்கத்தின் மேலே பணிகளின் பட்டியல் வேண்டுமென்றால் ஒவ்வொரு தலைப்பும் 2 இடத்தில் வர வேண்டும். கோப்பில் ஒருமுறை இருப்பதை 2 முறை காட்ட சிஎஸ்எஸ்ஸுக்கு வழி கிடையாது. தேதி வரிசைப்படி அடுக்க முடியாது. 'காண்க' டேக் காலியாக இருக்கிறது, அதில் ப3 பணியின் தலைப்பைத் தேடி எடுத்து வைத்து, அதையே இணைப்பாகவும் ஆக்க வேண்டும். அது சிஎஸ்எஸ்ஸின் எல்லைக்கே வெளியே. எக்ஸ்எம்எல்லுக்குள் எக்ஸ்ஹெச்டிஎம்எல் நேம்ஸ்பேஸில் (டேக் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் அறிவிப்பு) இணைப்பு டேக்கைச் செருகினால் பிரவுசர் அதை இணைப்பாக ஏற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மூலக் கோப்பிலேயே கையை வைக்க வேண்டும். அதைச் செய்தால் எக்ஸ்எம்எல்லில் தனியாக எழுதி வைத்ததன் பயனே போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத குறை இன்னொன்று உண்டு, எனக்கு அதுதான் பெரிது. பெரிய எழுத்தில் தெரிவதால் அது தலைப்பு என்று நமக்குப் புரிகிறது. திரை வாசிப்பானுக்குப் புரியாது. 'தலைப்பு' என்ற டேக் அதற்கு வெறும் பெயர்தான். தேடுபொறிக்கும் அதே கதை. ஹெச்டிஎம்எல்லின் டேக்குகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பொருள் இருக்கிறது, உங்கள் டேக்குகளுக்கு உங்கள் குழுவுக்குள் மட்டும்தான் பொருள். ஆகவே பொதுமக்கள் படிக்கும் தளம் என்றால், எப்படியாவது ஹெச்டிஎம்எல்லாக மாற்றித்தான் தீர வேண்டும். எக்ஸ்எம்எல்லை நேரடியாக சிஎஸ்எஸ் கொண்டு காட்டுவது, ஆசிரியர்கள் எழுதும்போது சரிபார்த்துக்கொள்ளும் முன்னோட்டத்துக்கு அருமையான வழி. அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றாதீர்கள்.

சரி, எக்ஸ்எஸ்எல்டி. ஸ்டைல்ஷீட் என்று பேர் இருந்தாலும் அது அலங்கார மொழி இல்லை. ஒரு மரத்தை (டேக்குக்குள் டேக்காகக் கிளைக்கும் ஆவணத்தை) உள்ளே வாங்கி வேறொரு மரத்தை வெளியே தரும் நிரலாக்க மொழி அது. பேர் அப்படி அமைந்ததற்கு வரலாறு காரணம். 1990களின் இறுதியில் எக்ஸ்எஸ்எல் என்று ஒரே மொழிக்குத் திட்டம் போட்டார்கள். ஆவணத்தை மாற்றுவது, அச்சுப் பக்கமாக வடிவமைப்பது, இரண்டையும் அதுவே செய்யும் என்பது எண்ணம். வேலை நடக்க நடக்க மாற்றும் பகுதி தனியாகப் பிரிந்தது. ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த எக்ஸ்எஸ்எல்டி 1.0, 1999 நவம்பர் 16 அன்று, எக்ஸ்பாத் 1.0 (ஆவணத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் மொழி) வெளியான அதே நாளில், தரநிலை ஆனது. வடிவமைக்கும் பகுதி எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ என்ற பேரில் 2001ல்தான் வந்தது. ஆக, சிஎஸ்எஸ்ஸும் எக்ஸ்எஸ்எல்டியும் போட்டியாளர்கள் என்ற எண்ணமே இந்தப் பேரால் வந்த குழப்பம். ஒன்று கட்டமைப்பை மாற்றுகிறது, மற்றொன்று மாற்றி முடித்ததற்கு உடை உடுத்துகிறது.

பைத்தானில் எழுதிவிடலாம் என்ற மூன்றாமவருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மேலே இருக்கும் பத்தியைப் பாருங்கள். எழுத்து, நடுவில் ஒரு எச்சரிக்கை, மறுபடி எழுத்து, ஒரு காண்க, மறுபடி எழுத்து. எந்த டேக் எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. நாளைக்கு ஓர் ஆசிரியர் எச்சரிக்கைக்குள்ளேயே ஒரு காண்க வைப்பார், அட்டவணையின் கட்டத்துக்குள் எச்சரிக்கை வைப்பார். சாதாரண நிரலில் இதற்கு லூப் எழுதினால், அது சீக்கிரமே 'இது இந்த டேக்கா, அந்த டேக்கா' என்று கேட்டுக்கொண்டே போகும் நீண்ட சரமாகிவிடும். எக்ஸ்எஸ்எல்டியில் எச்சரிக்கைக்கு ஒரு விதி, காண்கவுக்கு ஒரு விதி, பத்திக்கு ஒரு விதி, அவ்வளவுதான். ஒவ்வொரு விதியும் தன் டேக்கை மாற்றிவிட்டு, 'உள்ளே இருப்பவற்றுக்கு உரிய விதிகளைப் பார்த்துக்கொள்' என்று ப்ராசஸரிடம் (ஸ்டைல்ஷீட்டை ஓட்டும் மென்பொருளிடம்) விட்டுவிடுகிறது. எந்த ஆழத்தில் எது வந்தாலும் சரியான விதி போய்ப் பொருந்தும். அட்டவணைக்குள் வரும் எச்சரிக்கை மட்டும் வேறு மாதிரி வேண்டுமா? 'அட்டவணைக்குள் இருக்கும் எச்சரிக்கை' என்று கூடுதலாக ஒரு விதி எழுதினால் போதும், பழையதைத் தொட வேண்டாம். ஒரே தலைப்பு பட்டியலில் ஒரு விதமாகவும் பக்கத்தில் வேறு விதமாகவும் வர வேண்டுமா? அதற்கு மோட் என்ற வசதி இருக்கிறது. பட்டியல் மோடில் ஒரு விதி, சாதாரண மோடில் ஒரு விதி.

உங்கள் எக்ஸ்எம்எல் வேறு மாதிரி இருந்திருந்தால், அதாவது பெயர், அளவு, எண் என்று ஒழுங்கான வரிசைகளாக வெறும் தரவாக இருந்திருந்தால், நானும் மூன்றாமவர் பக்கம்தான் நின்றிருப்பேன். தரவு மாதிரி இருக்கும் எக்ஸ்எம்எல்லுக்கு எந்த நிரலாக்க மொழியும், கூடவே ஒரு டெம்ப்ளேட் லைப்ரரியும் போதும். எழுத்தும் டேக்கும் பின்னிக் கிடக்கும் ஆவணத்துக்கு எக்ஸ்எஸ்எல்டியைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. டாக்புக், டிஇஐ போன்ற பெரிய ஆவண வகைகளுக்கு வருடக்கணக்காகப் பராமரிக்கப்படும் ஸ்டைல்ஷீட்கள் எக்ஸ்எஸ்எல்டியில்தான் இருக்கின்றன.

இப்போது இடத்துக்கு வருவோம். பிரவுசரில் எக்ஸ்எஸ்எல்டி ஓட்டுவது ஒரு காலத்தில் கவர்ச்சியாக இருந்தது. சர்வருக்கு வேலை மிச்சம், ஸ்டைல்ஷீட் ஒருமுறை இறங்கினால் போதும், பிறகு மூலக் கோப்பு மட்டும் போகும். ஆனால் தொடக்கமே சரியாக அமையவில்லை. 1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, தரநிலை முடிவதற்கு முன்பே வரைவை வைத்துக் கட்டப்பட்டதால், இறுதி மொழியோடு அது பொருந்தவில்லை. பிறகு எல்லா பிரவுசரும் 1.0க்கு வந்தன, ஆனால் அதைத் தாண்டி ஒன்றுகூட நகரவில்லை. 2.0 வந்தது 2007ல், 3.0 வந்தது 2017ல். பிரவுசர்கள் 1999லேயே நின்றுவிட்டன.

இப்போது அதுவும் போகப்போகிறது. எக்ஸ்எஸ்எல்டியைப் பிரவுசரிலிருந்து நீக்கும் திட்டத்தை குரோம் குழு 2025ல் அறிவித்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் (சஃபாரியின் உள் இயந்திரம்) தரப்புகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. குரோம் அறிவித்த அட்டவணைப்படி 2026 நவம்பரில் பெரும்பாலான பயனர்களுக்கு அது நின்றுவிடும். காரணம் பாதுகாப்பு. குரோமும் சஃபாரியும் பயன்படுத்தும் லிப்எக்ஸ்எஸ்எல்டி என்ற எக்ஸ்எஸ்எல்டி ப்ராசஸர், சி மொழியில் எழுதிய பழைய நிரல், பராமரிக்க ஆள் குறைவு, அதில் நினைவகக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வெளிவந்தன. மிகச் சில பக்கங்களே பயன்படுத்தும் வசதிக்காக எல்லாப் பயனர்களையும் ஆபத்தில் வைப்பானேன் என்பது அவர்கள் வாதம். பழைய தளங்களை வைத்திருப்பவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், இன்றைக்குப் பிரவுசர் எக்ஸ்எஸ்எல்டியை நம்பிப் புதிதாக எதையும் கட்ட முடியாது. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: போகப்போவது பிரவுசருக்குள் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டி மட்டும்தான். மொழி எங்கேயும் போகவில்லை. எக்ஸ்எம்எல் கோப்பில் சிஎஸ்எஸ் இணைப்பதும் தொடர்கிறது.

இடைக்காலத்துக்கு இரண்டு ஒட்டுவழிகள் உண்டு. லிப்எக்ஸ்எஸ்எல்டியையே வெப்அசெம்பிளியாக (பிரவுசருக்குள் ஓடும் நிரல் வடிவம்) மாற்றிய பாலிஃபில், அதாவது பிரவுசரில் இல்லாத வசதியை ஈடுகட்டும் நிரல், ஒன்று. சாக்ஸன்ஜேஎஸ் இன்னொன்று, அது ஜாவாஸ்கிரிப்டில் 3.0வையே ஓட்டும். உள் வலையில் பயன்படும் கருவிகளுக்கு இவை சரிதான். பொதுத் தளத்துக்கு வேண்டாம் என்பேன். பயனர் ஒரு கையேட்டுப் பக்கத்தைப் படிக்க எதற்கு ஒரு முழு ப்ராசஸரை இறக்க வேண்டும்?

கையேடு நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. ஆகவே கோரிக்கை வரும்போதெல்லாம் சர்வரில் மாற்றவும் தேவையில்லை. கோப்பு மாறும்போது ஒருமுறை மாற்றி, வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகளாக வைத்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபம், பிழை இருந்தால் உங்கள் கணினியிலேயே தெரிந்துவிடும். ஒரு டேக்கை மூட மறந்த எக்ஸ்எம்எல் பிரவுசருக்குப் போனால் பயனர் பார்ப்பது பிழைச் செய்தியைத்தான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், ஸ்டைல்ஷீட்டை ஒருமுறை கம்பைல் செய்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடுகிறது என்ற புகார்களில் பாதி, ஒவ்வொரு முறையும் ஸ்டைல்ஷீட்டை முதலிலிருந்து படிப்பதால் வருவதுதான்.

பிரவுசரை விட்டு வெளியே வந்ததும் பழைய பதிப்பின் கட்டாயமும் போய்விடுகிறது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், பிஹெச்பியின் எக்ஸ்எஸ்எல் நீட்சி, டாட்நெட்டோடு வருவது, ஜாவாவோடு வருவது எல்லாமே 1.0தான். 'எங்கள் மொழியில் எக்ஸ்எஸ்எல்டி இருக்கிறதே' என்று அதையே எடுத்துக்கொண்டால் மறுபடி 1999க்கே போய் நிற்பீர்கள். 3.0 வேண்டுமென்றால் நடைமுறையில் சாக்ஸன் என்ற ப்ராசஸர்தான். 2.0, 3.0 தரநிலைகளைத் தொகுத்த மைக்கேல் கே உருவாக்கியது. இதன் ஹெச்இ பதிப்பு திறந்த மூலம், காசு கிடையாது. பைத்தானிலிருந்தும் பிஹெச்பியிலிருந்தும் அழைக்க சாக்ஸன்சி இருக்கிறது. ஒரே ஆளை நம்பி இருப்பது போல இருக்கிறதே என்று தோன்றலாம், உண்மையும் அதுதான். 3.0வுக்கு எதிராக வைக்கக்கூடிய ஒரே வலுவான வாதம் அது என்பது என் கருத்து.

அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? பணிகளை வருட வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1.0ல் குழுவாக்க நேரடியான வழியே கிடையாது. ஸ்டீவ் மியூன்ச் கண்டுபிடித்த ஒரு தந்திரத்தைப் பயன்படுத்த வேண்டும்: எல்லாப் பணிகளுக்கும் வருடத்தை வைத்து ஒரு கீ (தேடி எடுக்க உதவும் அடைவு) கட்டி, ஒவ்வொரு பணியும் அதன் வருடக் குழுவில் முதலாவதா என்று அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, முதலாவதாக இருப்பவற்றை மட்டும் எடுத்துத் தலைப்பு போட்டு, மறுபடி கீ வழியாக மற்றவற்றை இழுத்து வர வேண்டும். வேலை செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தால் எழுதியவருக்கே புரியாது. 2.0ல் 'இதன்படி குழுவாக்கு' என்று ஒரே கட்டளை. தேதியை வடிவமைக்க, எழுத்துச்சரத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரம்) ஓட்ட, சொந்தமாக ஃபங்ஷன் எழுத, ஒரே ஓட்டத்தில் பல வெளியீட்டுக் கோப்புகள் உருவாக்க, எல்லாவற்றுக்கும் 2.0லேயே வழி இருக்கிறது. 3.0 ஜேசன் என்ற தரவு வடிவத்தையும் மேப் என்ற தரவு வகையையும் சேர்த்துக்கொண்டது. முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாமல் ஓட்டமாகப் படிக்கும் வசதியும் அதில் உண்டு. உங்கள் கோப்பு அளவுகளுக்கு அது தேவைப்படாது.

மாறும்போது எங்கே இடறும் என்று சொல்கிறேன். எல்லாவற்றிலும் அதிக நேரத்தைத் தின்பது நேம்ஸ்பேஸ். மூலக் கோப்பின் வேரில் இயல்பு நேம்ஸ்பேஸ் ஒன்று அறிவித்திருந்தால், எக்ஸ்பாத்தில் வெறுமனே 'பணி' என்று எழுதினால் எதுவும் கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது, பக்கம் மட்டும் காலியாகவோ ஏடாகூடமாகவோ வரும். முன்னொட்டு இல்லாத பெயரை எக்ஸ்பாத் 1.0 'நேம்ஸ்பேஸே இல்லாத பணி' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஸ்டைல்ஷீட்டில் அதே நேம்ஸ்பேஸுக்கு ஒரு முன்னொட்டு கொடுத்து எல்லா இடத்திலும் பயன்படுத்த வேண்டும். 2.0 முதல், எக்ஸ்பாத்துக்கான இயல்பு நேம்ஸ்பேஸை ஒரே இடத்தில் அறிவித்துவிடலாம். 'என் விதி ஏன் பொருந்தவில்லை' என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது வேர் டேக்கைத்தான்.

அடுத்தது, விதி எழுதாத டேக்குகள். எதுவும் எழுதாவிட்டால் எதுவும் வராது என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் மொழியில் உள்ளமைந்த விதிகள் உண்டு: தெரியாத டேக் வந்தால் உள்ளே போ, எழுத்து வந்தால் அப்படியே வெளியே கொட்டு. அதனால் காலி ஸ்டைல்ஷீட்டை ஓட்டினால் ஆவணத்தின் எழுத்து முழுவதும் வந்து கொட்டும். தெரியாத டேக் வந்தால் எச்சரிக்கை தரும்படி 3.0ல் ஒரே வரியில் மாற்றிக்கொள்ளலாம். முதல் நாளிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

வெளியீட்டு முறையை ஹெச்டிஎம்எல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எக்ஸ்எம்எல் முறையிலேயே விட்டுவிட்டால், உள்ளே எதுவும் இல்லாத ஸ்கிரிப்ட் டேக்கை ப்ராசஸர் சுயமாக மூடும் டேக்காகச் சுருக்கி எழுதும். ஹெச்டிஎம்எல்லாகப் படிக்கும் பிரவுசருக்கு அப்படி ஒரு மூடல் கிடையாது. அதற்குப் பின்னால் வரும் பக்கம் முழுவதையும் ஸ்கிரிப்ட் என்று விழுங்கிவிடும். வெள்ளைப் பக்கம் தெரியும், மூல நிரலைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். அதேபோல் டாக்டைப் (இது ஹெச்டிஎம்எல் என்று அறிவிக்கும் முதல் வரி) இல்லாமல் வெளியிட்டால் பிரவுசர் பழைய கால நடத்தைக்குப் போய், உங்கள் சிஎஸ்எஸ் அளவுகள் பிசகும்.

தமிழ் ஆவணங்களுக்கே உரிய சில விஷயங்களும் உண்டு, ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது. மேலே உள்ள மாதிரியில் காண்க டேக்கைப் பாருங்கள். ப3 பணியின் தலைப்பு 'வால்வை மூடுதல்' என்றால், ஸ்டைல்ஷீட் அதை எடுத்து வைத்ததும் 'முதலில் வால்வை மூடுதல் முடித்திருக்க வேண்டும்' என்று வரும். வேண்டியது 'வால்வை மூடுதலை'. ஆங்கிலத்தில் பேரை அப்படியே செருகினால் வாக்கியம் பெரும்பாலும் தப்பிவிடும், தமிழில் வேற்றுமை உருபு வந்து மாட்டிக்கொள்ளும். உருபை டேக்குக்கு வெளியே ஒட்டலாம் என்றால் அதுவும் சரிவராது. உயிர்க்குறி மட்டும் டேக்குக்கு வெளியே தனியாக நின்றால் எழுத்து உடைந்து தெரியும். தீர்வு எளிது: வாக்கியத்துக்கு நடுவில் வரும் இணைப்புகளில், ஆசிரியரே சரியான வடிவத்தை டேக்குக்குள் எழுதட்டும், எண் மட்டும் ஆட்ரிபியூட்டில் இருக்கட்டும். தலைப்பைத் தானாக எடுத்து வைப்பதைப் பட்டியல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை எந்த ஸ்டைல்ஷீட் மொழியும் தீர்த்து வைக்காது. கோப்பின் அமைப்பை முடிவு செய்யும்போதே கவனிக்க வேண்டியது.

வெற்றிடமும் தொல்லை தரும். வெளியீட்டை அழகாகத் தள்ளித் தள்ளி எழுது என்று ப்ராசஸரிடம் சொன்னால், பத்திக்குள் டேக்குக்கும் ஒட்டிவரும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி புகுந்துவிடலாம். டேக்குக்கு வெளியே 'க்கு', 'இல்' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் சொல் இரண்டாகப் பிரிந்து தெரியும். தள்ளி எழுதுவதை நிறுத்திவிடுங்கள், அந்த அழகை யாரும் பார்க்கப்போவதில்லை.

அகரவரிசை இன்னொன்று. கையேட்டின் பின்னால் சொல்லடைவு இருக்கும். யூனிகோட் எண் வரிசையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது, னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடுகிறது. எழுத்துகளின் எண்ணை வைத்து அடுக்கினால் 'அழுத்தமானி' முதலிலும் 'அவசர நிறுத்தம்' பின்னாலும் வரும், அகராதி வரிசையில் தலைகீழ். 1.0ல் வரிசைப்படுத்தும்போது மொழியைச் சொல்லலாம், ஆனால் ப்ராசஸர் அதை மதிக்குமா என்பது அதன் விருப்பம். 3.0ல் யூனிகோட் ஒப்பீட்டு முறையையே பேர் சொல்லிக் கேட்கலாம், அது தமிழ் வரிசையைச் சரியாக வைத்திருக்கிறது. இங்கேயும் ஆதரவு ப்ராசஸருக்கு ப்ராசஸர் மாறும் என்பதால், ழ, ள, ற, ன வரும் பத்துச் சொற்களைப் போட்டுச் சோதித்துவிட்டு நம்புங்கள்.

எக்ஸ்க்வெரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்எஸ்எல்டி 2.0வோடு அதே நாளில் வந்த மொழி, உள்ளே அதே எக்ஸ்பாத், அதே தரவு மாதிரி. பேஸ்எக்ஸ், எக்ஸிஸ்ட்-டிபி போன்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் போட்டு, 'இந்த உதிரிபாகம் எந்தெந்தக் கையேட்டில் வருகிறது' என்று கேட்பதற்கு அதுதான் சரியான ஆயுதம். பின்னிக் கிடக்கும் ஒரு பத்தியை மாற்ற அதைப் பயன்படுத்தினால், எக்ஸ்எஸ்எல்டி தானாகச் செய்யும் விதிப் பொருத்தத்தை நீங்களே ஃபங்ஷனாக எழுத வேண்டிவரும். தளத்தில் நல்ல தேடல் வேண்டுமென்று பிறகு முடிவு செய்தால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

பிடிஎஃப்புக்கு எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ பழைய வழி. எக்ஸ்எஸ்எல்டி கொண்டு எக்ஸ்எம்எல்லை எஃப்ஓவாக மாற்றி, அதை அப்பாச்சி எஃப்ஓபி போன்ற கருவியிடம் கொடுத்தால் பிடிஎஃப் வரும். எஃப்ஓவின் 1.1 பதிப்பு 2006ல் வந்தது, 2.0 வரைவாகவே நின்றுபோனது. ஏற்கெனவே எஃப்ஓ ஸ்டைல்ஷீட் வைத்திருந்தால் ஓடும் வரை ஓடட்டும். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் இப்போது உருவாக்கும் ஹெச்டிஎம்எல்லையே எடுத்து, அச்சுக்கென்று தனியாக ஒரு சிஎஸ்எஸ் எழுதுங்கள். பக்க எண், ஓரத்தில் ஓடும் தலைப்பு, அடிக்குறிப்பு இவற்றுக்கு சிஎஸ்எஸ்ஸில் விதிகள் உண்டு, பிரின்ஸ் போன்ற கருவிகள் அவற்றை ஏற்கும். ஒரே மாற்றம், இரண்டு உடை. எந்தக் கருவியாக இருந்தாலும், கொம்பு, துணைக்கால், கூட்டெழுத்து எல்லாம் உள்ள ஒரு தமிழ்ப் பக்கத்தை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். லத்தீன் எழுத்தில் அழகாக வரும் கருவி, ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டு வைப்பதும் நடக்கும்.

உங்கள் பழைய ஸ்டைல்ஷீட்டைத் தூக்கி எறிய வேண்டாம். 1.0 ஸ்டைல்ஷீட் சாக்ஸனில் பெரும்பாலும் அப்படியே ஓடும். முதலில் இப்போதைய வடிவிலேயே எல்லாக் கோப்புகளையும் எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக்கில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அது லிப்எக்ஸ்எஸ்எல்டியோடு வரும் கட்டளைவரிக் கருவி. பிறகு சாக்ஸனில் ஓட்டி இரண்டு வெளியீடுகளையும் கோப்புக்குக் கோப்பு ஒப்பிடுங்கள். அடுத்து ஸ்டைல்ஷீட்டின் பதிப்பு எண்ணை 3.0 என்று மாற்றி மறுபடி ஒப்பிடுங்கள். வித்தியாசங்கள் அதிகம் எங்கே வரும் என்றால், பல முடிச்சுகள் (டேக், ஆட்ரிபியூட் போன்ற மரத்தின் உறுப்புகள்) கிடைக்கும் இடத்தில் 1.0 முதலாவதை மட்டும் எழுதும், புதிய பதிப்பு எல்லாவற்றையும் இடைவெளி விட்டு எழுதும். ஒரு பணிக்கு 2 தலைப்பு தவறுதலாக இருந்திருந்தால் இத்தனை நாள் மறைந்திருந்தது இப்போது வெளியே வரும். அவற்றை மூலக் கோப்பிலேயே திருத்துங்கள். மியூன்ச் முறையில் எழுதிய இடங்களையெல்லாம் அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை. பழைய எக்ஸ்எம்எல் முகவரிகளை யாராவது குறித்து வைத்திருப்பார்கள், அவற்றைப் புதிய ஹெச்டிஎம்எல் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். எக்ஸ்எம்எல் கோப்பும் தளத்தில் தொடர்ந்து கிடைக்க வேண்டுமென்றால், அதன் தலையில் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டி வரியை எடுத்துவிட்டு எளிய சிஎஸ்எஸ் ஒன்றைக் கொடுத்து விட்டுவிடலாம்.